மைலேஜ் பைத்தியம்

நான் ஒரு மைலேஜ் பைத்தியம். ஹைப்ரிட் கார் வாங்கியபின் அது முற்றிவிட்டது. எஞ்சின் உறங்க, பேட்டரியில் மட்டும் வண்டி ஓடினால் முன்னால் ஒரு பச்சை விளக்கு எரியும். அதை அணையவிடாமல் குகட்பள்ளியிலிருந்து அமீர்பேட் வரை ஊர்வதே என் அன்றாடத் தவம்.

அன்று மனைவிக்கு அமீர்பேட்டில் வேலைக்கான இன்டர்வியூ. மே மாத வெயிலில் ஏசியையும் அணைத்திருந்தேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, வண்டியைத் தள்ளிவிடட்டுமா என்று தெலுங்கில் கனிவோடு கேட்டார்.

"ஏங்க, நேரமாச்சு. கொஞ்சம் அழுத்தித்தான் மிதிங்களேன்!"

"மிதிச்சா எஞ்சின் முழிச்சுக்கும்மா."

அடுத்த சிக்னலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்கே போறே? மைலேஜ் இருபத்தெட்டு வருது, பாரு!"

"மெட்ரோல போறேன், நீங்க நாளைக்கு வந்து சேருங்க."