வழுவழு பாத்ரூமும் வேலூர் மாமியாரும்

ரெண்டு வாரம் முன்னாடி, எங்க அக்காவோட மாமியார் நான் டிசைன் பண்ணின பாத்ரூம் நடுவுல நின்னுகிட்டிருந்தாங்க. கையில துண்டு மாட்டுற கம்பி. சுவத்துல இருக்க வேண்டிய கம்பி!

"இதுதான் பிடிமானமா தம்பி?"ன்னு கேட்டு, அதை என் கையில குடுத்தாங்க. பட்டமளிப்பு விழாவுல சுருட்டி குடுப்பாங்களே... அந்த மாதிரி.

ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம். நான் எழுதற இந்தப் பக்கத்துல அசிங்கப்படறது உங்களுக்கு என்ன புதுசா?

எங்க வீட்ல பாத்ரூம்னு ஒண்ணு இருந்ததே இல்ல. பின்னாடி கிணறு. கிணத்தடியில நாலு கீத்துத் தட்டி, நடுவுல துவைக்கிற கல்லு. கூரை? வானம்தான். மழைக்காலத்துல ஷவர் இலவசம்.

அக்கா கற்பகம் கல்யாணமாகி வேலூர்ல இருக்கா. மாசமா இருக்கா. நாலாம் மாசத்துல ஒரு தடவை இங்க வந்தவ, கிணத்தடி பாசியில வழுக்கிட்டா. நல்லவேளை — கிணத்துக் கயிறு கைக்கு சிக்குச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா சேதி வேலூருக்குப் போயிடுச்சு.

அவ்ளோதான். மாமியார்கிட்டேர்ந்து லெட்டர். "தலைப்பிரசவம் தாய் வீட்லன்னு எனக்கும் தெரியும் சம்பந்தி. ஆனா அந்தக் கிணத்தடியை நம்பி மருமகளை அனுப்ப மாட்டேன். இங்கயே ஆகட்டும்."

அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. பெத்த பொண்ணை முதல் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வர முடியலன்னா தெருவுல எப்படி தலை காட்டறது? அது ஒரு பக்கம். அக்கா எனக்குன்னு தனியா ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தா. "இங்க எல்லாரும் நல்லாத்தான்டா பாத்துக்கறாங்க. ஆனா அந்த நேரத்துல எனக்கு அம்மா வேணும். எப்படியாவது ஒரு பாத்ரூம் கட்டுடா."

படிச்சுட்டு சும்மா இருக்க முடியுமா? அப்பாகிட்ட காட்டினேன். "கட்டிடு"ன்னு ஒரே வார்த்தையில மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டாரு.

நான் யாரு? பி.எஸ்ஸி. பிசிக்ஸ்! சைக்கிளை எடுத்துகிட்டு நேரா செங்கம் ரோடு. அங்க வெள்ளைக்காரங்க தங்கற கெஸ்ட் ஹவுஸ் ஒண்ணுல என் காலேஜ் ஃப்ரெண்டு மேனேஜரா இருக்கான். காலி ரூம் ஒண்ணைத் திறந்து காட்டினான். அடேயப்பா! இடுப்பளவுக்கு வெள்ளை டைல்ஸ். முட்டை மாதிரி கண்ணாடி. அதுக்குக் கீழ வாஷ் பேசின். ஷவர். ஜன்னலைத் திறந்தா மலை!

அங்கயே உக்காந்து கிராஃப் பேப்பர்ல அளவெடுத்து வரைஞ்சேன். ஒரே ஒரு இடத்துல மட்டும் என் சொந்த மூளையைப் போட்டேன். அவங்க தரை சொரசொரன்னு சிமெண்ட். சுத்த போர். நான் பாலிஷ் பண்ணின கறுப்பு கடப்பாக் கல்லுன்னு எழுதினேன். மேல வெள்ளை, கீழ கறுப்பு — எப்படி நம்ம டேஸ்ட்டு?

முதல் எதிர்ப்பு ஜன்னலுக்கு.

"மலையைப் பாத்த மாதிரி ஜன்னலா? அண்ணாமலையார் பாக்க நீ துணியில்லாம நிப்பியா?"ன்னாங்க அம்மா.

"அவர் மட்டும் என்னம்மா... கோட்டு சூட்டு போட்டுகிட்டா இருக்காரு?"

அம்மா படபடன்னு கன்னத்துல போட்டுகிட்டாங்க. அவங்க கன்னத்துலதான். அடுத்தது என் கன்னம்னு புரிஞ்சு, ஜன்னலைத் தலைக்கு மேல ஏத்திட்டேன். இந்த ஊர்ல வீடு கட்றவங்க கிழக்கு மேற்கு பாக்கறதுக்கு முன்னாடி மலை எந்தப் பக்கம்னு பாக்கணும். எந்த இன்ஜினியரிங் புக்குலயும் இது கிடையாது.

ரெண்டாவது எதிர்ப்பு மேஸ்திரி. அடி அண்ணாமலைக்காரர். கடப்பாக் கல்லைத் தடவிப் பாத்தாரு.

"தம்பி, இது சமையல் மேடைக்குப் போடற கல்லுபா. தண்ணி பட்டா வழுக்கும். மாசமா இருக்கற பொண்ணு வேற..."

"மேஸ்திரி, நான் பிசிக்ஸ் படிச்சவன்."

"அப்பிடியா? நான் படிக்காதவன். அதான் வழுக்குது"ன்னு சொல்லிட்டு, கல்லைப் பதிக்க ஆரம்பிச்சாரு.

மூணு வாரத்துல பாத்ரூம் ரெடி. பளபளன்னு தரையில முகம் தெரிஞ்சுது. தெருவே வந்து எட்டிப் பாத்துச்சு. அம்மா பெருமையா வேலூருக்கு லெட்டர் போட்டாங்க — பாத்ரூம் கட்டியாச்சு, வந்து பாருங்கன்னு.

வந்தாங்க.

டைல்ஸைப் பாக்கல. கண்ணாடியைப் பாக்கல. ஷவரைத் திருகிக் காட்டினேன், அதையும் பாக்கல. "வெந்நீர் அண்டா எங்க வைப்பீங்க?"ன்னு கேட்டாங்க. அண்டாவா? அது இருக்க வேண்டிய மூலையில என் வாஷ் பேசின் நின்னுகிட்டிருந்துச்சு. "பிள்ளை பெத்த உடம்பு. உக்காந்து குளிக்க மணை எங்க போடறது?"

ஒரு சொம்புத் தண்ணியைத் தரையில ஊத்தினாங்க. வலது காலை எடுத்து வெச்சாங்க. கால் அது பாட்டுக்கு செங்கம் ரோடு பக்கம் கிளம்பிடுச்சு! சட்டுனு துண்டுக் கம்பியைப் புடிச்சாங்க. கம்பி ஆணியோட கையில வந்துச்சு. நானும் அம்மாவும் ஆளுக்கொரு தோளைப் புடிச்சு நிறுத்தினோம்.

அப்பதான் அந்தக் கேள்வி. அந்தப் பட்டமளிப்பு.

கோவப்படவே இல்ல. அதுதான் ஜாஸ்தி பயமா இருந்துச்சு. வாசல்ல செருப்பை மாட்டிகிட்டே சொன்னாங்க. "வெள்ளிக்கிழமை வேலூர்ல வளைகாப்பு சம்பந்தி. வாங்க, வளையல் போடுங்க, வயிறார சாப்புடுங்க. பொண்ணு எங்ககிட்டயே இருக்கட்டும்."

அம்மா உள்ள போயி, அக்காவோட பிரசவ மருந்துக்குன்னு பொறுக்கி வெச்சிருந்த பூண்டைத் திரும்ப டப்பாவுல கொட்டினாங்க. அந்த சத்தம் இருக்கே... ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சு.

அன்னிக்குத் திங்கள். கல்லைப் பேத்து வேற தரை போட்டா காயறதுக்கே ஒரு வாரம் ஆகும்னுட்டாரு மேஸ்திரி. சாக்கு விரிக்கலாமா? ரப்பர் பாய்? என்னென்னமோ யோசிச்சுகிட்டு செவ்வாய்க்கிழமை காலையில வாசப்படியில உக்காந்திருந்தேன். தெருக்கோடியில ஒரு குரல்.

"அம்மி கொத்தலியோ... ஆட்டுக்கல்லு கொத்தலியோ..."

தேஞ்சுபோன அம்மி வழவழன்னு ஆயிடும், மிளகா அரைபடாது. உளியால கொத்தினா திரும்ப சொரசொரன்னு ஆகும். அம்மியும் கல்லு. கடப்பாவும்...

ஓடினேன்!

தலையில கூடை, கையில உளியும் சுத்தியும். நடுத்தர வயசு அம்மா ஒருத்தங்க. கூடவே அவங்க வீட்டுக்காரரு.

"எத்தினி அம்மிபா?"

"அம்மி இல்லக்கா. பாத்ரூம்."

அந்தக்கா என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "இன்னாயா, இந்தப் புள்ள பாத்ரூம்ல மொளகா அரைக்குமாம்!"ன்னு வீட்டுக்காரரைப் பாத்து ஒரே சிரிப்பு. உள்ள வந்து தரையைத் தட்டிப் பாத்த உடனே சிரிப்பு நின்னுபோச்சு. "இது பட்டைபட்டையா பேந்துக்கும். மெத்துன்னு கொத்தணும். ரெண்டு நாளாவும், ஆவட்டுமா?"

"ஆகட்டும்கா!"

ரெண்டு நாளும் டக் டக் டக் டக். மேஸ்திரி வந்து பாத்தாரு. "நான் அன்னிக்கே..."ன்னு ஆரம்பிச்சாரு. அவர் கையில ஒன்றரை அங்குல இரும்பு பைப்பைக் குடுத்து, "இதை சுவத்துக்குள்ள அரை அடி விட்டுப் பதிங்க மேஸ்திரி"ன்னேன். பதிச்சுட்டு, மறுநாள் அவரே தொங்கிப் பாத்தாரு. என் வாஷ் பேசின் வெளிய போச்சு, அந்த மூலைக்கு அண்டா வந்துச்சு. ஜன்னலுக்குக் கீழ, ஆள் உக்கார்ற மாதிரி ஒரு சின்னத் திட்டும் கட்டிட்டாரு.

தரை? நான் கேக்காமலே அந்தக்கா புள்ளி வெச்சுக் கொத்தியிருந்தாங்க. கறுப்புக் கல்லுல வெளுப்பா வரிசை வரிசையா புள்ளி. நடுவுல சின்னதா ஒரு தாமரை. என் கிராஃப் பேப்பர்ல சத்தியமா இந்த அழகு கிடையாது.

வெள்ளிக்கிழமை. வளைகாப்பு முடிஞ்சு, அக்கா கை நிறைய வளையலோட என்னையே பாத்துகிட்டு நிக்கறா. மாமியார்கிட்ட போயி சொன்னேன். "அத்தை, தரையை மாத்திட்டேன். அக்காவோட எங்க வாடகைக் கார்லயே இன்னொரு தடவை வந்து பாருங்க. பிடிக்கலன்னா அதே கார்ல அக்காவைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

அத்தை உள்ள போயி ஒரு பையோட வந்து கார்ல ஏறினாங்க. வழி முழுக்க அக்காவோட வளையல் சத்தம் மட்டும்தான்.

இங்க வந்து இறங்கினதும் பையைத் திறந்தாங்க. நல்லெண்ணெய். சீயக்காய்.

"அண்டாவுல வெந்நீர் போடுங்க சம்பந்தி."

எண்ணெயும் சீயக்காயும் சேந்த தரையை விட ஒரு பரீட்சை உண்டா? தலைக்குத் தேச்சுகிட்டு உள்ள போயி தாழ்ப்பாள் போட்டாங்க. நாங்க வெளிய வரிசையா நிக்கறோம். தண்ணி ஊத்தற சத்தம். சத்தம் நிக்குது. என் நெஞ்சும் நிக்குது. திரும்ப ஊத்தற சத்தம்...

முக்கால் மணி நேரம்! தலையில துண்டு சுத்தி, முகமெல்லாம் செவசெவன்னு வெளிய வந்தாங்க.

"கற்பகம், பெட்டியை உள்ள வைம்மா."

அம்மா நேரா அடுப்படிக்குப் போயி பூண்டு டப்பாவைத் திறந்தாங்க. அக்கா என் முதுகுல ஒண்ணு வெச்சா — பாசம்தான், ஆனா வலிச்சுது.

காபி குடிச்சுகிட்டே மாமியார் மெதுவா ஆரம்பிச்சாங்க. அவங்க வீட்லயும் வழுவழு மொசைக்காம். ஆடி மாசம் வழுக்கி விழுந்து, பத்து நாள் இடுப்பைத் திருப்ப முடியாம இருந்தாங்களாம். மகன்கிட்டகூட சொல்லல. சொன்னா வயசாயிடுச்சும்பாங்களாம்.

"அந்தக் கொத்தற அம்மாவை வேலூர் பக்கம் ஒரு நடை வரச் சொல்லு தம்பி. நீ சொன்னதா இருக்கட்டும்."

சொல்லியாச்சு அத்தை. போயிட்டிருக்காங்க.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ்ல உராய்வுன்னு ஒரு பாடம் வரும்... நான் சாய்ஸ்ல விட்டுட்டேன்!