சீனியம்மாள் ஸ்டிக்கர் ஒட்டிய கல்

என் பட்டறைக்கு இந்த ஊர் வைத்திருக்கிற பேர் பேய்க்கல் பட்டறை. திருமுருகன்பூண்டியில் வரிசையாக இருக்கிறவர்கள் சாமி சிலை செதுக்குகிறவர்கள். நான் சிலைக்காரன் இல்லை. ராஜஸ்தானிலிருந்து லாரியில் வருகிற மணற்கல் பலகைகளை அறுத்து, பங்களாவுக்கும் கம்பெனிக்கும் தரை போட்டுக் கொடுக்கிறவன். போன வாரம்கூட ஒருத்தன் போன் பண்ணி, "ஏனுங்க, பேய் இல்லாத லாட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். வருகிறவர்கள் எல்லாம் பட்டறை மூலையில் கிடக்கும் ஒற்றைப் பலகையைக் காட்டி, அதைப் புரட்டிக் காட்டச் சொல்கிறார்கள். நான் புரட்டுவதில்லை.

அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். வருசக்கணக்காக எனக்கு ஆறாதது வேறு. இதையெல்லாம் கிளப்பிவிட்டது சீனியம்மாள், அதற்குப் புத்தி சரியில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்தம்மா ஒரு நாளும் பேய் என்று சொன்னதில்லை.

சீனியம்மாள் உசிலம்பட்டிப் பக்கம். புருசன் காசிமாயனோடு மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருந்தது. வேலை, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங். விளக்கு மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டையோ ஊசிக்கோடோ எண்ணெய்க்கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அதுதான்.

அந்தக் கம்பெனி வாசல்படிக்குக் கல் போட்டவன் நான். ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்து செருப்பு மாட்டக் குனிந்தபோது அந்தம்மா படியில் என்னமோ பார்த்திருக்கிறது. கல் போட்டது யாரென்று வாட்ச்மேனிடம் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை என் பட்டறைக்கே வந்துவிட்டது.

"அண்ணே, உங்க கல்லுக்குள்ள என்னமோ படுத்துக் கெடக்கு."

கல்லில் குறை சொல்லி முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து நான் கத்தினேன். அந்தம்மா அசையவில்லை. வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னது. மறுநாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் மத்தியானம் பார்த்தேன். ஒன்றுமில்லை, சும்மா படி. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்த அந்தம்மா, வெயில் சாயட்டும் என்று என்னை நிறுத்தி வைத்தது. வெயில் சாய்ந்தது. விரல் நீளத்துக்கு இலை மாதிரி ஒன்று கல்லிலிருந்து மேலே வந்தது. நடுவில் ஒரு கோடு, ரெண்டு பக்கமும் விலா விலாவாக. படியில் வைத்திருந்த காலை என்னையறியாமல் பின்னால் எடுத்தேன்.

அப்போதுதான் அந்தம்மா கேட்டது.

"எலும்பு இல்லாத உசுரு கல்லுல தடம் விடுமாண்ணே?"

நான் அஞ்சாவதோடு நின்றவன். "பல்லி செத்தாலே எறும்பு மிச்சம் வைக்காதும்மா" என்றேன். வாடிப்போன முகத்தோடு பஸ் ஏறியது. ஏன் வாடியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் ஞாயிறானால் பட்டறைக்கு வந்துவிடும். கல்லை நேராகப் பார்க்காது. கன்னத்தைப் பலகையோடு ஒட்ட வைத்து, பக்கவாட்டில் ஒரு கண்ணால் பார்க்கும். தண்ணீர் தெளிக்கும், காயும்வரை காத்திருக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் சிவப்பு அம்பு. பாலீஷ் மிஷின் ஓட்டுகிற தங்கதுரை, "அக்கா, பாஸா ரிஜெக்டா சொல்லிப்போட்டுப் போங்க" என்று கேலி பண்ணுவான். காசிமாயன் டீக்குடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் நானும் சும்மா கன்னத்தை வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சாய்ந்த வெயிலில் பட்டறை பூராவும் கல்லுக்குள்ளிருந்து வட்டம் வட்டமாக, புள்ளி புள்ளியாக எழும்பிக்கொண்டிருந்தது. மேகம் மறைத்ததும் எல்லாம் உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் நடையிலும் அதே லாட், ஒரே லாரியில் வந்த கல்தான். என் வீட்டுக்காரி நின்று வாசல் கூட்டுகிற இடத்தில், அவள் குதிகாலுக்குப் பக்கத்தில், ஒன்று. அவளிடம் சொல்லவில்லை. அந்த லாட்டை எத்தனை வீட்டுக்குப் போட்டிருக்கிறேன் என்று பில் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன்.

ஒரு கஸ்டமர் மூலமாக சிவபிரகாஷ் என்று காலேஜில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தரைப் பிடித்தேன். பூதக்கண்ணாடியும் சின்ன டார்ச்சும் கொண்டுவந்தார். சீனியம்மாளை அந்தக் கேள்வியை அவரிடமே கேட்கச் சொன்னேன்.

தடம் விடும் என்றார். மீனுக்கு முன்னால், ஓடும் எலும்பும் உலகத்தில் உண்டாவதற்கும் முன்னால், கடலடியில் வெறும் சதையாகச் சிலது கிடந்ததாம். பாதிக்குக் கண் கிடையாது, வாய் கிடையாது. ஒன்றை ஒன்று தின்னவும் இல்லை. பாசி மேல் சத்தமில்லாமல் கிடக்கும். திடீரென்று மணல் வந்து மூடினால், சதை கரைந்தாலும் மணலில் அச்சு நின்றுவிடும். அதுவும் லேசில் நிற்காது, நின்றாலும் இன்னதென்று சொல்வது கஷ்டம், பாசிச் சுருக்கமும் தண்ணீர்க்குமிழியும்கூட உயிர் மாதிரியே ஏமாற்றும் என்றார்.

எல்லோருமாகக் கம்பெனிப் படிக்குப் போனோம். அவர் ஈரம் பண்ணினார், கண்ணாடி வைத்தார், நகத்தால் தடவினார். பள்ளம் இல்லை, சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற மேல்கறைதான் என்றார். தங்கதுரை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது ரிப் துணிங்க்கா."

கல்லுக்கு ஆசிட் அடித்தபின் பனியன் வேஸ்ட் துணியால் துடைப்பது எங்கள் பழக்கம். தங்கதுரை ஈர வேஸ்டை அப்படியே கல்லில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். கழுத்துப்பட்டிக்கு வைக்கிற ரிப் துண்டு, நடுவில் தையல், ரெண்டு பக்கமும் வரி. அதைத்தான் நாங்கள் விலா என்று பார்த்திருக்கிறோம். தினம் தினம் அந்த ரிப்பைக் கையில் பிடிக்கிற பொம்பளை. எனக்கே சங்கடமாக இருந்தது. அந்தம்மா சிரித்தது. "ரிஜெக்டு" என்று தங்கதுரையிடம் சொல்லிவிட்டு, படியில் முன்னமே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்தது.

அதோடு விட்டிருக்கலாம். பட்டறைக்குத் திரும்பியதும், இன்னொன்று இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னது. மூலையில் கிடந்த ஒரு பலகையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டம். உள்ளே இன்னொரு வட்டம், நடுவில் ஒரு மொட்டு. ஒரு பக்கம் மழுங்கிப்போய் இருந்தது. நானாக இருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

சிவபிரகாஷ் அதன் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இது பள்ளம்தான் என்றார். பிறகு பலகையை ஓரமாகப் பார்த்து, இதற்கு இதுதான் அடிப்பக்கம் என்றார். "அதை மூடிப் போர்த்தின மணல்தாங்க இந்தக் கல்லு. நாம கீழேயிருந்து அண்ணாந்து பாக்கறோம்." தங்கதுரை அன்றிலிருந்து டிபன் பாக்ஸைக் கல் மேல் வைப்பதில்லை.

ஆனால் உயிர்தான் என்று அவர் எழுதித் தரத் தயாராக இல்லை. அடியிலிருந்து தண்ணீர் குமிழி விட்டாலும் இப்படி வட்டம் விழும். நட்டநடுவில் அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே குழாய் மாதிரிப் பாதை இருந்தால் தண்ணீர். இல்லாவிட்டால் ஒரு உடம்பு.

தங்கதுரை மிஷினைப் போட்டான். பிளேடு மேல் தண்ணீர் கொட்டியது. சீனியம்மாள் அந்த வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டது. இன்றைக்கு வேண்டாம் என்றது.

அன்றைக்குத்தான் காசிமாயன் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னான். முதல் பிள்ளை வயிற்றில் ஆறு மாசத்திலேயே போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் அந்தம்மாவுக்குக் காட்டவில்லை. அவன் அம்மா சுருட்டிக்கொண்டு போய் ஊர் ஓடை மணலில் வைத்துவிட்டது. அடையாளத்துக்கு ஒரு கல்கூட நடவில்லை. மறு மழையில் ஓடையே இடம் மாறிப்போனது. "எங்கன்னு எனக்கே தெரியலண்ணே. இவ இன்னும் கேக்குறா, எலும்பு கெட்டிப்பட்டிருக்குமான்னு."

அதன்பின் சிவபிரகாஷ் போன் பண்ணும்போதெல்லாம், அறுத்துப் பார்க்கலாமா என்று நான் அந்தம்மாவிடம் கேட்பேன். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லும். ஞாயிறு தவறாமல் வந்து அந்தப் பலகை முன்னால் மட்டும் உட்கார்ந்துவிட்டுப் போகும். அந்தப் பிள்ளைக்கப்புறம் அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

போன ஆடியில் அந்தம்மா ஈரல் கெட்டுப்போய்ப் படுத்தது. பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குக் கூட்டிப்போகிறதுக்கு முன்னால், மொபட்டில் முன்னே உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு காசிமாயன் பட்டறைக்குக் கொண்டுவந்தான். அந்தம்மாவால் குனிய முடியவில்லை. நானும் தங்கதுரையும் பலகையை நிமிர்த்திக் கண்ணுக்கு நேராகப் பிடித்தோம். வெயில் சாய்ந்து வந்து வட்டத்தில் விழுந்ததும் மொட்டு மேலே வந்தது. அந்தம்மா விரலால் தடவியது. எனக்கு அந்த விரலும் அந்த மொட்டும் ஒரே நிறமாகத் தெரிந்தது. தங்கதுரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

அறுத்துவிடட்டுமா, தெரிந்துகொண்டு போகிறாயா என்று கேட்டேன். முரட்டுத்தனமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

"வேணாம்ணே. குழாய் இருந்தா தண்ணிம்பாக. இல்லையின்னா, இம்புட்டு நாளு கெடந்ததை அறுத்தது நாமளாயிருவோம்."

வெயில் போகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை. பிறகு தானே ஸ்டிக்கரைப் பிய்த்து என் கையில் ஒட்டியது.

"வெறும் மண்ணு மேல குப்புறப் போட்டுருங்கண்ணே. போர்த்தினது போர்த்தின மாதிரியே கெடக்கட்டும். யாரு கேட்டாலும் பெரட்டாதீங்க."