நான் போட்டுக் கொடுத்த லினக்ஸ்

கணினி தெரியாதவர்கள் என்றால் எனக்கு அப்போது அப்படி ஓர் இளக்காரம். மலேசியாவின் குவாலா சிலாங்கூரில் ஒரு ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தேன். என் திறமையைக் காட்ட அதில் இஷ்டத்துக்கு மாற்றங்கள் செய்தேன். எதையும் எழுதி வைக்கவில்லை.

"இதுக்கு அப்டேட் பண்ண வேணாமா தம்பி?" என்று கேட்பார் அங்கே தலைமைத் தாதியாக இருந்த சாந்தி அக்கா.

"உங்களுக்குப் புரியாதுலா, விடுங்கக்கா," என்பேன். அப்டேட் செய்தால் என் மாற்றங்கள் உடைந்துவிடும் என்ற பயத்தை வெளியே சொல்லவில்லை. இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, பழைய பதிப்பில் பதிவு மென்பொருள் ஓட மறுத்ததால், வேறு வழியில்லாமல் மொத்தமாக அப்டேட் செய்தேன். நகல் எடுக்கவில்லை. கணினி மறுபடி எழவே இல்லை. நோயாளிகளின் எடை, மருந்து அளவு எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டன. தொலைவில் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்த நோயாளிகள் வெளியே காத்திருந்தார்கள். நான் எழுதிய கோப்புகளே எனக்குப் புரியவில்லை.

சாந்தி அக்கா அலமாரியிலிருந்து ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களை எடுத்து வந்தார். நோயாளிக்கு ஒன்று. கடைசிச் சிகிச்சைவரை எல்லா விவரமும் அவர் கையெழுத்தில் இருந்தது.

"மொத நாள்லேருந்து எழுதுறேன்பா. சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லல."

அரை மணி நேரத் தாமதத்தில் சிகிச்சை தொடங்கியது. சாயங்காலத்துக்குள் பழைய தகவல்களை மீட்டு, சாதாரண லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது வாராவாரம் அப்டேட் செய்கிறேன்.

அத்தனை பேரைக் காப்பாற்றிய வேலையை ஒருவர் என் வாய்க்குப் பயந்து ஒளித்துச் செய்திருக்கிறார். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.