பிடி அரிசியும் பிறந்தநாள் சாப்பாடும்

அம்பத்தூரில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்காகப் பல வருடம் மூன்று சக்கர வண்டியில் பிடி அரிசி வாங்கி வந்தேன். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். வாரம் ஒருமுறை நான் போய் வாங்க வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, கூச்சமும் அதிகம். முதல் நாளே வார்டன் அம்மா, "வாசல்ல நின்னு 'பிடி அரிசி'ன்னு சொல்லு, போதும்" என்றார். எனக்கு ஏற்ற வேலை.

எண்பதுகளில் மூட்டை தானாக நிறைந்தது. தொண்ணூறுகளில் பாடி, அம்பத்தூர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ரிட்டையர் ஆனார்கள். பிஎஃப் பணம் மகள் கல்யாணத்துக்கும் மாடி கட்டவும் போனது. அடுப்படி மருமகள் கைக்கு மாறியது. டப்பாக்கள் குறைந்தன. யாருக்காவது பிறந்தநாள் என்றால் இல்லத்துக்குப் பிரியாணியும் கேக்கும் வரும். மற்ற நாளில் கஞ்சிக்கே அரிசி போதாது. வண்டி மிதிக்கும்போதெல்லாம் இதே கவலை.

ஒரு ஞாயிறு, வழக்கமாக அரிசி போடும் சரோஜாம்மா வீட்டு வாசலில் நின்றேன். அவர் மருமகள் விமலா வந்தாள்.

"கோச்சுக்காதீங்கண்ணே. விக்கிற வெலையில தெனம் எடுத்து வெக்க முடியல. பையன் பொறந்த நாளுக்கு வந்து சாப்பாடு போட்டுடறோம்."

தெருமுனையைத் தாண்டுவதற்குள் சரோஜாம்மா பின்னாலேயே வந்தார். முந்தானையில் அரிசி முடிந்திருந்தது.

"புடி நைனா, சீக்கிரம் கொட்டு."

"ஊட்ல தெரியுமாம்மா?"

"அவ அரிசிய அளந்து வெச்சுட்டு கம்பெனிக்குப் போறா. நான் ஆக்கறப்ப என் பங்கத்தான் எடுக்கிறேன். ராத்திரி சோறு வேணான்னுடுவேன்."

"வேணாம்மா, பயமா கீது."

"கண்ணாலம் ஆன நாளா போட்ட கை நைனா. சும்மா கெடன்னா கெடக்குமா?"

வாங்கிக்கொண்டேன். மறுத்தால் அவர் மனம் நோகும். வாங்கினால் அவர் பட்டினி. விமலாவிடம் சொன்னால் வீட்டில் சண்டை. அடுத்தடுத்த வாரங்களில் அவர் மெலிந்துகொண்டே வந்தார். ஒரு ஞாயிறு அரிசியைக் கொட்டியவர் தலைசுற்றி என் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை மெல்ல வீட்டுக்கு அழைத்துப் போய் உள்ளே உட்கார வைத்துவிட்டு, வாசலில் விமலாவைக் கூப்பிட்டேன். தரையைப் பார்த்தபடியே பேசினேன்.

"அத்தை ராத்திரி சாப்பிடறதில்லம்மா."

"தெரியும்ணே. மாமாவோட பிஎஃப் பணத்த வாங்கி மாடி கட்டிட்டோம்னு கோவம். தட்டையே தொடறதில்ல."

"கோவம் இல்லம்மா. அவங்க சோறு என் மூட்டையில கீது."

விமலா மூட்டையையே பார்த்தாள். கூச்சத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"பொறந்த நாள் சாப்பாட்டுக்கு ஆகிற செலவுல அரிசி வாங்கி இங்கயே வெச்சிடும்மா. தெனம் ஒரு பிடி அவங்க எடுத்து வெக்கட்டும்."

"கேக்காவது வெட்டலாமா, அதுவும் கூடாதா?" என்றவள் உள்ளே திரும்பிக் கத்தினாள்: "அத்த! சாமியாரு வேஷம் போதும், வந்து துன்னு!"

சரோஜாம்மா எட்டிப் பார்த்தது என்னைத்தான். "வாயே தொறக்காத ஆளுன்னு நம்புனேன். போட்டுக் குடுத்துட்ட இல்ல?"

பல வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. டப்பாவை மட்டும் நீட்டுவார். அதில் அரிசி இருந்தது. அவர் முகமும் தெளிந்து வந்தது. இப்போது வசூலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வயதானவர்கள் கொடுத்தால் உடனே பையை விரிக்காதீர்கள். அவர்கள் சாப்பிட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.