விரால் விழுங்கும் வரை

நான் திண்டிவனத்தில் தூண்டில் கடை வைத்திருக்கிறேன்; தூண்டில் விற்பவனுக்கு மீன் பிடிக்கவும் தெரியும் என்று எல்லோரும் நம்புவதுதான் இந்தத் தொழிலின் தொல்லை. சொந்தமாகச் செய்து பார்க்காததை விற்றுப் பிழைக்கும் சக வியாபாரிகளுக்கு இது புரியும்.

ரப்பர் தவளை

ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் சாதாரணத் தூண்டிலைப் போட்டால் செடிதான் மாட்டும். ரப்பர் தவளை என்பது விராலை ஏமாற்றும் போலி இரை; அதில் முள் இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். இலைமேல் வழுக்கிக்கொண்டே வரும். இதைச் சொல்லித்தான் வானூர் கொத்தனார் அந்தோணிக்கு விற்றேன். அடுத்த வாரமே வந்துவிட்டார். விரால் அடிக்கிறது, இழுத்தால் வெறும் தவளைதான் வருகிறது, ஏன் என்று கேட்டார். எனக்கும் தெரியாது, நான் ஒரு விரால்கூடப் பிடித்ததில்லை. “எல்லாம் பழக்கம்தான்” என்றேன்.

“அப்ப ஞாயித்துக்கிழம நீங்களே வந்து ஒண்ணு புடிச்சிக் காட்டுங்கண்ணா.”

மொட்டைமாடி ஏரி

மானம் போகக்கூடாதே என்று மாடியில் பயிற்சி எடுத்தேன். தாழ்ந்த மரக்கிளைக்குப் பதில் கொடியில் காயும் புடவை. அதற்கு அடியில் பக்கவாட்டில் வீசி, அந்தப் பக்கம் வைத்த பேசினில் தவளையை விழவைக்க வேண்டும். இருபது தடவைக்குமேல் வீசினேன். கடைசியில் நூல் கொடியைச் சுற்றி முடிச்சானது. என் மனைவி செல்வி கத்தரிக்கோலோடு வந்தாள்.

“அந்தக் கொத்தனார் எதிர்ல இப்படிச் சுத்திக்கினு நிக்காதீங்க.”

புல் அறுத்தவர் கேட்டது

ஞாயிறு காலை ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த கஸ்தூரி என்ற பெண் எங்களை வேடிக்கை பார்த்தார். செடிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. அதைத் தாண்டி வீசி, இலைமேல் மெல்ல இழுத்து, தவளையை இடைவெளிக்குள் இறக்கினேன். நன்றாகவே விழுந்தது. பளாரென்று தண்ணீர் தெறித்தது. பதறி வெடுக்கென்று இழுத்தேன். தவளை எங்கள் தலைக்கு மேலே பறந்து வேலிக்காத்தான் முள்மரத்தில் தொங்கியது. அந்தோணி சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. கஸ்தூரி புல் அறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“விராலு தவளையக் கவ்விக்கினு உள்ள போயித்தான் முழுங்கும், நான் தெனம் பாக்குறேன், அது வாயில வச்சதுமே ஏன் புடுங்குறீங்க?”

மூன்று எண்ணும் வரை

அடுத்து அந்தோணி வீசினார். தண்ணீர் தெறித்ததும் அவர் இழுத்துவிடாதபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பிறகு இழுத்தார். கோல் வளைந்தது. கெட்டி நூல் என்பதால் தாங்கியது. ஆகாயத்தாமரைக் கொத்தோடு முழங்கை நீள விரால் கரையேறியது. சந்தோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: தூண்டிலில் மாட்டி நான் பார்க்கும் முதல் விரால் இதுதான்.

“தெரியும்ணா, உங்க கடையில ஒரு மீன் போட்டோகூட இல்லியே, சேந்து கத்துக்கலாம்னுதான் கூட்டியாந்தேன்.”

இப்போது கடையில் கஸ்தூரி எடுத்துக் கொடுத்த போட்டோ மாட்டியிருக்கிறது: விராலைப் பிடித்திருப்பவர் அந்தோணி, அந்தோணியின் மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்திருப்பவன் நான்.