ஒற்றை ஆளுக்கான ஸ்பிரிங்

ஓடிப்போனாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடிப்போகிறவள் வெயில் ஏறின பிறகு, தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்க, டூல் பெட்டியை அசைத்து அசைத்துப் பார்த்துக் கயிறு கட்டிக்கொண்டிருப்பாளா? மெக்கானிக்கோடு பழக்கம் என்கிறார்கள். மாடிவீட்டுக்காரி தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாளாம். என்னத்தைப் பார்த்தாள்? பட்டறை வாசலில் அவள் தினம் போய் நின்றதைப் பார்த்தாள். பல் டாக்டர் வாசலில் தினம் நிற்கிறவளுக்கு டாக்டரோடு பழக்கம் என்றா அர்த்தம்? பல் வலிக்கிறது என்று அர்த்தம். இவளுக்கு வலித்தது வண்டியின் பின்பக்கம். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் சுற்றிக்கொண்டு நிற்குமே ஷாக் அப்சார்பர், அதற்காகத்தான் அவள் அலைந்தாள். நம்புகிறவர்கள் உட்காருங்கள், நம்பாதவர்கள் மாடிவீட்டுக்கே போங்கள்.

தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவள் அவள். தெருவில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. ஒரு இடத்தில் இருக்க மாட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் டம்ளர் தரையில் நடுங்கும். ரிப்பேருக்கு வந்ததெல்லாம் தீர்ந்துவிட்டால், நன்றாக ஓடுகிற மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

"ஓடுறதை எதுக்குடி பிரிக்கிற?" என்பாள் அண்ணி.

"எப்படி ஓடுதுன்னு பாக்க வேணாமா அண்ணி?"

"நீ ஓடுற ஓட்டத்தையும் ஒரு நாள் பிரிச்சுப் பாரு."

வண்டி, அப்பா விட்டுப்போனது. அப்பா போன பிறகு அண்ணன்தான் முதலில் ஓட்டிப் பார்த்தார். தெருமுனை போவதற்குள் ஒரு சுவரைக் கண்டுபிடித்து அதில் போய் முட்டினார். இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு, "இது எனக்கு ஒத்து வராது பாப்பா" என்று சாவியை அவள் கையில் வைத்தார். அன்றைக்கு அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால் உட்கார்ந்தார். அவ்வளவுதான், அப்படியே வயதாகிவிட்டது. காலையில் அவரைக் கிடங்கில் இறக்கிவிட வேண்டும், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரம்தான் அவளுடைய உலகம். தூரத்திலிருந்து யார் வேலைக்குக் கூப்பிட்டாலும், "சாயங்காலம் அண்ணனை ஏத்தணுமே" என்பாள். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட அதையே சொன்னாள் என்று அண்ணி சிரிப்பாள். சிரிப்புதான், ஆனால் பொய்யில்லை.

அண்ணன் நல்ல மனுஷர். நல்ல கனமும்கூட. கிடங்கில் சரக்கு எடை போடுவது அவர் வேலை. ஊர் மூட்டையெல்லாம் எடை போட்டவர், தான் ஒரு நாளும் அந்தத் தராசில் ஏறி நின்றதில்லை.

இப்படி இருக்கும்போது, மிஷின் சாமான் விற்க வருகிறவர் ஒரு சேதி கொண்டுவந்தார். எங்கேயோ தூரத்து ஊரில் பெரிய துணி ஃபேக்டரி. கண்ணுக்கு எட்டுகிற மட்டும் மிஷின் வரிசை. அத்தனையையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தங்க இடம் தருவார்கள். அடுத்த மாசம் பிறந்ததும் வந்து சேர வேண்டும். "உன் பேரைச் சொல்லியிருக்கேன்மா" என்றார். அவள் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் மூச்சு விடவில்லை. முழங்கால் இரண்டு மடங்கு ஆடிற்று.

அந்த வாரம் பார்த்துத்தான் ஷாக் உயிரை விட்டது. எண்ணெய் கசிந்து தண்டெல்லாம் பளபளத்தது. ஒரு பள்ளத்தில் இறங்கினால், வண்டி குதித்து முடிக்கப் பாதித் தெரு ஆயிற்று. அண்ணன் பின்னாலிருந்து, "பாப்பா, சாப்பிட்டது மேலே வருது" என்றார்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். சிடுசிடு மனுஷர் அவர், பேரப்பிள்ளை எடுத்தவர், கண்ணாடி இல்லாவிட்டால் தன் பெண்டாட்டியையே அடையாளம் தெரியாது. இவரோடுதான் பழக்கமாம்.

"இதுக்கு எண்ணெய் கசியாம அடைக்கிற சீல் கிடைக்காது. தண்டும் அரிச்சுப்போச்சு. ஜோடியா மாத்திடு."

"பழைய இரும்புக்கடையில கிடைக்குமா?"

"கிடைக்கும். அளந்து வாங்கு."

அளந்துதான் வாங்கினாள். பொறுமையாக அளந்தாளா என்பதுதான் கேள்வி. கையில் எப்போதும் இருக்கிற தையல் டேப்பை எடுத்து, பழைய ஷாக்கின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிடித்தாள், துணி அளக்கிற மாதிரி. ஷாக்கை அப்படி அளக்கக் கூடாது. மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடு வரைக்கும்தான் கணக்கு. ஊசி நுனியில் மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிக்கிறவள் இதில் கோட்டை விட்டாள். புத்திதான் அங்கே இல்லையே, ஃபேக்டரியில் அல்லவா இருந்தது. கடைக்காரர் அவள் சொன்னதை ஓட்டைக் கணக்காக எடுத்துக்கொள்ள, வாங்கி வந்த ஜோடி ஒரு கட்டைவிரல் நீளம் அதிகம். மாட்டினதும் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சென்டர் ஸ்டாண்ட் போட்டால் சக்கரம் தரையை விட்டு எழவில்லை. சைடு ஸ்டாண்ட் எட்டவில்லை; அதில் சாய்த்துவிட்டு அவள் உள்ளே போக, வண்டி ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துவிட்டு மாடிவீட்டுக்காரியின் பூந்தொட்டிகள் மேல் படுத்துக்கொண்டது. இந்தக் கதையெல்லாம் அந்தத் தொட்டியிலிருந்து முளைத்ததுதான். அதற்கு முன்னால் அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

மெக்கானிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிரித்தார். "புதுசாவே சொல்லி வரவழைச்சிடலாம். சொல்லு, ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

"என்னது?"

"ஸ்பிரிங். நீ மட்டும் போறதுன்னா மெல்லிசு. உங்க அண்ணன் பின்னாடி உக்காருவாருன்னா தடிச்சது. மெல்லிசுல அவர் உக்காந்தா சக்கரம் மட்கார்டைத் தின்னும். தடிச்சதுல நீ தனியாப் போனா ஒவ்வொரு குழிக்கும் உன்னைத் தூக்கி எறியும்."

வாயைத் திறந்தாள். 'ரெண்டு' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? "நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டாள்.

மறுநாள் போய் இரண்டு என்றாள். அடுத்த நாள், "ஆர்டர் போட்டாச்சா? போடலைன்னா நிறுத்தி வைங்க" என்றாள். அதற்கும் அடுத்த நாள், "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. அதைப் போட்டா ரெண்டு பேருக்கும் இடுப்பு போகும்."

"ஷாக்கோட அடியில இருக்கிற வளையத்தைத் திருகினா ஸ்பிரிங் இறுகுமே?"

"ஓரளவுக்கு இறுகும். உங்க அண்ணன் ஓரளவுல அடங்குற ஆளா?"

அதற்கு மேல் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் தன் வேலையைப் பார்த்தார். மாடிவீட்டுக்காரி எதிர்க்கடையில் சோப்பு வாங்கிக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் அவள் வாங்கின சோப்புக்கு ஊரையே வெளுத்திருக்கலாம்.

கடைசியில் ஒரு நாள் பட்டறைக்குள் நுழைந்ததும் நிற்காமல், "ஒண்ணு. ஒரு ஆளுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட்டாள். நின்றால் மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

ஷாக் வந்தது, மாட்டினார்கள். பட்டறையிலிருந்து வீட்டுக்குத் தனியாக வந்தாள். குழியில் இறங்கினால் ஒரு தரம் அமுங்கி ஒரு தரம் எழுந்து அடங்கிற்று. வேண்டுமென்றே இன்னொரு குழியில் விட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை அண்ணன் ஏறி உட்கார்ந்தார். அவளுக்கு முதுகெல்லாம் காதாகிவிட்டது. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கினபோது பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். ரப்பர் தேய்ந்த வாடை.

"நிறுத்து பாப்பா."

இறங்கினார். சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பின்பு முழு உடம்பையும் சாய்த்து அமுக்கினார். மட்கார்டு சக்கரத்தில் போய் உட்கார்ந்தது.

"யாருக்கு வாங்கின இதை?"

"எனக்குண்ணா."

"எடை போடுறவன்கிட்டயே எடையை மறைக்கப் பாத்தியா?"

அப்போது சொன்னாள், ஃபேக்டரியை, மிஷின் வரிசையை, மாசப் பிறப்பை, எல்லாவற்றையும், ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே.

"வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"வரலைண்ணா."

"ஷாக் வாங்க மட்டும் வந்துச்சா?"

சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். சாயங்காலமும் பஸ்ஸில் வந்தார். நாலைந்து நாள் அவர் வீட்டில் பேசின ஒரே வார்த்தை "உப்பு". அண்ணிதான் பேசினாள். "போறதுன்னா போ. பிரிச்சுப் போட்ட மிஷினையெல்லாம் மூட்டிட்டுப் போ. நடுக்கூடத்துல காலை வைக்க முடியலை."

மாசம் பிறக்க இருந்த சமயம், அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியை இடுப்பில் அணைத்தபடி வந்தார். பஸ்ஸில் இறங்கி அந்தக் கனத்தை அவரே சுமந்து வந்திருந்தார், சட்டை நனைந்திருந்தது. அவள் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு ஜோடி ஷாக். தடித்த ஸ்பிரிங். அந்த வண்டிக்கென்று அவர் ஒரு போல்ட்டுகூட வாங்கினது கிடையாது.

"மெக்கானிக் என் எடையைக் கேட்டான். தராசுல ஏறி நின்னு பாத்துச் சொன்னேன்" என்றார். "கிடங்குல எல்லாரும் சிரிச்சாங்க."

அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். ஓட்டைக்கு ஓட்டை விரல் வைத்துப் பார்த்தாள்.

"அளவு சரியா இருக்குண்ணா. நல்ல ஷாக்."

"அப்ப மாட்டிடலாமா? தினம் வேணாம் பாப்பா. பஸ் பழகிட்டேன். என்னைக்காவது ஒரு நாள், எங்கயாவது போகணும்னா."

எத்தனையோ வருஷமாக நிற்காத முழங்கால் அப்போது நின்றுபோயிற்று. ஒரு மாசம் தள்ளிப்போடலாம் என்ற நினைப்பு வந்தது. அந்த ஒரு மாசத்துக்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று வரிசையில் நிற்பதும் தெரிந்தது.

"இதை மாட்டினா நான் இருந்துடுவேண்ணா" என்றாள். "அதான் வேணாங்கிறேன்."

அண்ணன் பெட்டியை மூடினார். கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு முகம் கழுவப் போனார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிற்று.

போன அன்றைக்கு நடந்ததைத் தெருவே பார்த்தது. பின்சீட்டில் டூல் பெட்டி, அதன் மேல் துணிப்பை. அண்ணி வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ள, அவள் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினாள். மெக்கானிக் அந்தப் பக்கமே வரவில்லை. பட்டறையில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வேலைக்குப் போகிற உடுப்பில் வாசற்படியில் நின்றார். உள்ளே ஒரு தரம் போய் வந்தாள், சீப்பை மறந்தேன் என்று. மறுபடியும் போனாள், காரணம் சொல்லாமல். அப்புறம் வாசல் தாண்டி வந்து வண்டியில் ஏறி உதைத்தாள். வண்டி பிடித்துக்கொண்டது.

கியரைப் போட்டுவிட்டு, ஒரு கால் தரையில் ஊன்றினபடி நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. கழுத்தை லேசாகப் பின்னால் திருப்பி, எப்போதும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏறியாச்சா?"

அழுதுகொண்டே திரும்பிப் பார்த்தாள் என்று மாடிவீட்டுக்காரி சொல்வாள். மாடியிலிருந்து பார்க்கிறவளுக்கு உச்சந்தலைதான் தெரிந்திருக்கும்.

வாசற்படியிலிருந்து அண்ணன்தான் பதில் சொன்னார்.

"ஏறலை பாப்பா. நீ போ."