கணக்கில் சேராத படிவம்

வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா, அவர்களை நியாயமாக நடத்துகிறார்களா என்று கேட்டு எழுதுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, கெங்குவார்பட்டியில் ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு அது பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. அல்லிநகரத்தில் ஓர் உரக்கடைக்கு மேல் இரண்டு அறைகள், அதுதான் அலுவலகம். ஆய்வை நடத்திய பேராசிரியரை சார் என்போம். படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் இரண்டே பேர், நானும் அவளும். ஒரே படிப்பு, ஒரே சம்பளம், ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் பெரியகுளம் பக்கம் ஒரு காலனியைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டுக்குத் தோட்டமும் ஊருக்குள் ஒரு பெயரும் உண்டு.

சார் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் அவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நான் தப்பித்துக்கொண்டதாக ஆகிவிடும். டீ வந்தால் அவரே எடுத்துக் கொடுப்பார், மூன்று பேருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. வேலையைப் பிரிக்கும்போது மட்டும் அவருக்கு யோசிக்கவே தேவைப்படாது. வருசநாட்டுப் பக்கம் தோட்டக் கூலிகள், செங்கல் சூளைக்காரர்கள், காட்டோரம் இருப்பவர்கள் எல்லாம் அவளுக்கு. தேனி, கம்பம் கடைகளும் மில் ஆபீசுகளும் எனக்கு.

"அங்கன உள்ளவுக உங்கிட்டன்னாத்தாம்மா மனசு விட்டுப் பேசுவாக" என்பார் அவளிடம். அதைப் பாராட்டு என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

எனக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். மேனேஜரே ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்புவார். ஒரு நாளில் பத்துப் படிவம் முடித்துவிட்டு மூன்று மணிக்கே தேனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் இருப்பேன். அவள் கடமலைக்குண்டில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, அதற்கு மேல் நடந்து, வேலை முடிந்து அவர்கள் கரையேறும்வரை வரப்பில் உட்கார்ந்திருப்பாள். மூன்று படிவம் கிடைத்தால் அதிகம். வழியில் கழிப்பறை கிடையாது என்பதால் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள். யார் எத்தனை படிவம் முடித்தோம் என்று வாராவாரம் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுவார்கள். என் எண்ணிக்கை எப்போதும் அவளுடையதைப் போல மூன்று மடங்கு இருக்கும். அதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் அவள் சாரிடம், மாதம் ஒருதரம் இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். சார் என்னைக் காட்டிச் சிரித்தார். இந்தப் பிள்ளையால் அங்கெல்லாம் போய்ச் சமாளிக்க முடியாது என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சமாளிப்பேன் சார் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஏற்கெனவே கூட்டிச் சரிபார்த்த பதிவேட்டை மறுபடி கூட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் கேள்விகளைத் திருத்திப் புதிய படிவம் வந்தது. களத்துக்குக் கொண்டுபோகும் முன் எங்களுக்குள் ஒருதரம் கேட்டுப் பார்ப்பது வழக்கம். ஒருத்தி கேட்க வேண்டும், மற்றவள் ஏதோ ஓர் இடத்தில் வேலை பார்க்கிறவளாகப் பாவித்துப் பதில் சொல்ல வேண்டும். அன்று நான் கேட்டேன், அவள் சொன்னாள். சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வேலையை நியாயமாகப் பிரித்துக் கொடுக்கிறார்களா? ஒருபோதும் இல்லை. உங்கள் குறையைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்களா? ஒருபோதும் இல்லை. பிறப்பை வைத்து உங்களை வேறாக நடத்தியதுண்டா? எப்போதும். தூக்கம் வராமல் கஷ்டப்படுவதுண்டா? எப்போதும். ஏதோ மில்லில் நூல் இழுக்கும் பெண்ணாக நடிக்கிறாள் என்று நினைத்து வேகவேகமாக வட்டம் போட்டுக்கொண்டே போனேன். கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது. சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது விதி.

"எங்கூட ஒருத்தி வேலை பாக்குறா. அவளுக்கு எல்லாந் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்க மாட்டா" என்றாள்.

எழுதினேன். எழுதிவிட்டு, நன்றாக நடிக்கிறாயே என்று சிரித்தேன். சாரும் கை தட்டினார். அவளும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. மாதிரிப் படிவங்கள் கணக்கில் சேராது. பின்பக்கத்தில் ஏதாவது குறித்துக்கொள்ளலாம் என்று என் மேசையில் போட்டுவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, அடுத்த கட்டத்துக்கு ஓராளைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று தகவல் வந்தது. சுவரில் இருந்த தாளே பதில் சொல்லிவிட்டது. சார் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவள் பையையும் அடையாள அட்டையையும் மேசையில் வைத்துவிட்டு, "வர்றேன்டி" என்றாள். போன் பண்ணு என்றேன். அவளும் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை.

வேலை கூடியதும் இன்னொரு பெண்ணைச் சேர்த்தார்கள். முதல் நாள், சான்றிதழைப் பிரிக்கும் முன்பே சார் அவளிடம் ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அவள் சொன்னதும், அப்படியானால் வருசநாட்டுக்குச் சரியாக இருப்பாய் என்றார். போனவள் அன்று சொன்ன பதில்கள் நினைவுக்கு வந்தன. என் மேசையிலிருந்த தாள்களைக் கிளறினேன். கம்பம் பஸ் நேரங்களை எழுதியிருந்த ஒரு தாளின் மறுபக்கத்தில் அந்த மாதிரிப் படிவம் இருந்தது. நானே போட்ட வட்டங்கள், நானே எழுதிய இரண்டு வரி. அன்று அவள் நடிக்கவே இல்லை. அதை எடுத்துக்கொண்டு சாரிடம் போயிருக்கலாம். எனக்கு ஒப்பந்தம் இன்னும் பத்து மாதம் இருந்தது. போகவில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடக் கடைசியில் கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். முதலாளி வரவேற்று மாடியில் உட்கார வைத்துவிட்டு, தொழுகைக்குப் போனார். விற்பனைப் பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். இரண்டாவதாக வந்தவள் அவள்தான், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். கடைச் சேலை கட்டியிருந்தாள், கழுத்தில் டேப் தொங்கியது. என்னைப் பார்த்து ஒரு நொடி நின்றாள், பிறகு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

கேள்விகளைக் கேட்டேன். வேலையை நியாயமாகப் பிரிக்கிறார்களா? எப்போதும். குறையைக் கேட்கிறார்களா? எப்போதும். பிறப்பை வைத்து? ஒருபோதும் இல்லை. தூக்கம்? அதெல்லாம் ஒரு குறையும் இல்லை. அந்தக் கடையில் அவளை நன்றாகவே நடத்தியிருக்கலாம். அல்லது என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "அன்னைக்கி நீ சொன்னத அப்புறமாத்தான் படிச்சேன்டி" என்றேன்.

"அடுத்த கேள்வியக் கேளு. கீழ ஆள் வந்துரும்" என்றாள்.

கடைசிக் கேள்விக்கு வந்தேன். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டேன்.

"சொல்ல வேண்டியத அன்னைக்கே சொல்லிட்டேன். நீதான எழுதுன" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படியிறங்கிப் போய், யாரோ பிரித்துப் போட்டிருந்த சேலைகளை மடிக்க ஆரம்பித்தாள். மேலே இருந்து பார்த்தால் அவள் கைகள் மட்டும் தெரிந்தன.

கடைசிக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பது விதி. 'ஏதுமில்லை' என்று எழுதினேன். அந்தப் படிவம் கணக்கில் சேர்ந்தது.